கோப்பை மீட்கலாம், காப்புநகலை அழிக்க முடியாது: பேக்கப் சர்வரில் யாருக்கு எந்த அனுமதி?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பதினான்கு பேர் பணிபுரியும் கணக்கியல் அலுவலகம் எங்களுடையது. விண்டோஸ் சர்வரில், காப்புநகல் எடுக்கும் மென்பொருளான வீம் பேக்கப் 12.1 பதிப்பு இயங்குகிறது. தவறுதலாக அழிந்த கோப்புகளை அலுவலக உதவியாளரே மீட்டெடுக்க வேண்டும். ஆனால் காப்புநகல்களை அவரால் அழிக்க முடியக் கூடாது. மாதம் ஒருமுறை வரும் வெளித் தொழில்நுட்பர் உட்பட மூவரும் இப்போது ஒரே அட்மின் பாஸ்வர்டைப் பயன்படுத்துகிறோம். எப்படிப் பிரிப்பது?

பதில்: மென்பொருளுக்குள் நுழைவதற்கு முன் விண்டோஸைப் பாருங்கள். வீம் நிறுவப்படும்போது, அந்தச் சர்வரின் உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் உள்ள அனைவருக்கும் முழு நிர்வாகி உரிமை தானாகவே கிடைத்துவிடுகிறது. உதவியாளரை அந்தக் குழுவில் விட்டுவிட்டு மென்பொருளில் எவ்வளவு குறுகிய பொறுப்பைக் கொடுத்தாலும் பயனில்லை. ஆகவே மூவருக்கும் தனித்தனி விண்டோஸ் கணக்குகளை உருவாக்கி, உதவியாளருடையதைச் சாதாரணக் கணக்காகவே வைத்திருங்கள்.

அடுத்து, முதன்மை மெனுவில் ‘யூசர்ஸ் அண்ட் ரோல்ஸ்’ பகுதியைத் திறந்து, முதலில் உங்கள் சொந்தக் கணக்கை நிர்வாகியாகச் சேருங்கள். அதில் ஒருமுறை உள்நுழைந்து பார்த்த பிறகே அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். வரிசையை மாற்றினால் உங்கள் வீட்டுக்கு நீங்களே வெளியிலிருந்து பூட்டுப் போட்டதாகிவிடும். இரு படி சரிபார்ப்பை இயக்குவதற்கும் குழுக்களை நீக்கித் தனிநபர் கணக்குகளையே பட்டியலில் வைத்திருக்க வேண்டும் என்பதால், இந்த வேலை வீண் போகாது.

உதவியாளருக்குரிய பொறுப்பு ‘ரெஸ்டோர் ஆபரேட்டர்’. பெயரைப் பார்த்து இது ஆபத்தற்றது என்று எண்ணிவிட வேண்டாம். இப்பொறுப்பில் உள்ளவரால் காப்புநகலை அழிக்க முடியாதுதான். ஆனால் மீட்டெடுக்கும்போது, இப்போது பயன்பாட்டில் உள்ள கோப்பின் மேலேயே பழையதை எழுதிவிட முடியும். நான் கவனித்துக்கொண்ட ஓர் அலுவலகத்தில், ஒரு எக்செல் கோப்பை அசல் இடத்திலேயே மீட்டதால் அன்று காலையில் பதிந்த பதிவுகள் அனைத்தும் போய்விட்டன. மீட்டெடுத்ததை எப்போதும் தனிக் கோப்புறையில் இறக்கி, ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே மாற்ற வேண்டும் என்பதை எழுதி அவர் மேசையில் ஒட்டிவையுங்கள். மேலும், மீட்க முடிந்தவரால் படிக்கவும் முடியும். வாடிக்கையாளர்களின் வரிக் கணக்குகளும் சம்பளப் பட்டியலும் அதில் அடங்கும்.

தொழில்நுட்பருக்கு அன்றாடம் நிர்வாகி உரிமை தேவையில்லை. ‘பேக்கப் ஆபரேட்டர்’ பொறுப்பில் அவர் காப்புநகல் எடுக்கும் வேலைகளைத் தொடங்கலாம், நிறுத்தலாம். அமைப்பை மாற்ற வேண்டிய நாளில் மட்டும் நீங்கள் உயர்த்திக் கொடுத்து, அன்றே குறைத்துவிடுங்கள். போப்பியா என்று நாம் சுருக்கிச் சொல்லும் 2013ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உங்கள் சார்பில் தகவல்களைக் கையாளும் வெளியாருடன் பாதுகாப்பு நடவடிக்கைகள் குறித்து எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. அவருக்குரிய அனுமதிகளையும் அதிலேயே குறிப்பிட்டுவிடலாம்.

உங்கள் உரிமம் அனுமதித்தால், 12.1இல் வந்த ‘ஃபோர் ஐஸ்’ ஒப்புதலையும் இயக்குங்கள். காப்புநகலை அழிக்க ஒருவர் கோரினால் இன்னொரு நிர்வாகி சம்மதித்தால்தான் நடக்கும். இதற்குக் குறைந்தது இரண்டு நிர்வாகிக் கணக்குகள் தேவை. இரண்டாவதை உங்கள் பங்குதாரரிடம் கொடுங்கள், தொழில்நுட்பரிடம் வேண்டாம். இருந்தாலும், வட்டையே நேரடியாகத் திறக்கக்கூடிய விண்டோஸ் அட்மினை இது தடுக்காது. அதற்கு, குறிப்பிட்ட நாள்வரை எவராலும் மாற்ற முடியாதபடி நகலைப் பூட்டிவைக்கும் லினக்ஸ் சேமிப்பகம்தான் சரி. அதில் பூட்டின் குறைந்தபட்சக் காலம் 7 நாள்.

எல்லாம் முடிந்ததும், உதவியாளரின் கணக்கில் நீங்களே உள்நுழைந்து, சோதனைக்கென எடுத்த ஒரு காப்புநகலை அழிக்க முயன்று பாருங்கள். அது மறுக்கப்பட வேண்டும். அதே கணக்கில் ஒரு கோப்பு வேறு கோப்புறையில் மீண்டு வரவும் வேண்டும்.