ஒரு பூவுக்கு ஒரு சங்கமா?

வாசகர் கேள்வி – தோட்டக்காரர் பதில்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆகஸ்ட் மாதம் ஐரிஸ் சங்கத்துக்காரர்கள் நடத்திய கிழங்கு விற்பனைக்கு என்னைக் கூட்டிப்போனாள். ஒரே ஒரு பூவுக்காகச் சங்கமா என்று ஆச்சரியமாக இருந்தது. அதில் என்னதான் செய்வார்கள்? அந்தக் கிழங்கைக் கொண்டுவந்து வைத்தால் நம்ம கோபியில் பூக்குமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்த மேசையில் நீங்கள் கவனித்திருப்பீர்கள் அம்மணி, இலைகளை விசிறி மாதிரி குட்டையாக வெட்டி, இலை மேலேயே மார்க்கர் பேனாவில் ரகத்தின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பெயருக்காகத்தான் சங்கமே பிறந்தது என்று சொல்லலாம். ஒரே ரகம் நாலு பெயரில் விற்கும், ஒரே பெயரில் நாலு ரகம் விற்கும், வாங்கினவர் பூக்கிற வரைக்கும் காத்திருந்து ஏமாறுவார். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1920-ல் அமெரிக்க ஐரிஸ் சங்கம் தொடங்கினார்கள். இன்றைக்கு உலகத்தில் எங்கே யார் புது ரகம் உருவாக்கினாலும், வெங்காயம் மாதிரி குமிழ் வைக்கிற வகைகள் தவிர மற்றதெல்லாம் அங்கேதான் பதிவாகிறது. இங்கிலாந்தில் 1922-லேயே ஒரு சங்கம் வந்துவிட்டது. ஐரிஸில் ஆராய்ச்சி செய்து 1913-ல் பெரிய நூல் எழுதிய வில்லியம் டைக்ஸ் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயரில் 1927 முதல் கொடுக்கிற டைக்ஸ் பதக்கம்தான் ஐரிஸ்காரர்களுக்குப் பெரிய மரியாதை.

சரி, விற்பனை எதற்கு? தாடி ஐரிஸ் (பூவின் கீழிதழில் பஞ்சு மாதிரி ரோமம் இருக்குமே, அந்த வகை) மூன்று நாலு வருஷத்தில் கிழங்கு நெருங்கிப் பூ குறைந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் தோண்டிப் பிரித்து, தனக்குப் போக மிச்சத்தை உறுப்பினர்கள் சங்கத்துக்குக் கொடுப்பார்கள், அந்தக் காசு சங்கத்தின் செலவுக்கு உதவும். மஞ்சள் விதைக்கிழங்கு பிரிக்கிற ஊர்க்காரருக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். ஆனால் மஞ்சள் மாதிரி இதை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. கிழங்கின் முதுகு வெயிலைப் பார்க்க வேண்டும், புதைத்துத் தண்ணீர் கட்டினால் கூழாக அழுகி நாறிவிடும்.

கோபியில் பூக்குமா என்றால், தாடி ஐரிஸ் பூக்காது என்றுதான் சொல்வேன். இலை நன்றாக வரும், அதைப் பார்த்து இந்த வருஷம் பூக்கும் அடுத்த வருஷம் பூக்கும் என்று காத்திருப்போம். மொட்டு கட்ட அதற்கு நல்ல குளிர்காலம் வேண்டும், நம்ம மார்கழிக் குளிர் போதாது. காஷ்மீரில் கல்லறைகள் மேல்கூட அது செழித்துப் பூக்கிறது. அப்புறம் ஒன்று, பெட்டியில் போட்டுக் கிழங்கு கொண்டுவர நினைக்காதீர்கள். வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதியும் நோயில்லாச் சான்றும் கட்டாயம். நம்ம ஊர் மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் புது நோய் வந்துவிடக் கூடாதே.

கேள்வி: நர்சரியில் ஐரிஸ் என்று சொல்லி ஒரு மஞ்சள் பூச்செடி கொடுத்தார்கள். காலையில் மலர்ந்து சாயங்காலமே வாடிவிடுகிறது. பூத்த தண்டு சாய்ந்து மண்ணைத் தொட்டு அங்கே குட்டி முளைக்கிறது. இது ஐரிஸ்தானா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இல்லைங்க. நடக்கும் ஐரிஸ் என்று விற்பார்கள், அதே குடும்பம், ஆனால் ஐரிஸ் இல்லை. நல்ல செடி, அரை நிழலில் வையுங்கள்.

கேள்வி: கோவையில் நாங்கள் எட்டுப் பேர் செடிப் பைத்தியங்கள். ஐரிஸுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பிக்கலாமா? எங்கே தொடங்குவது?
– வாசகி, வடவள்ளி

பதில்: தாராளமாக ஆரம்பியுங்கள். சங்கம் பதிவு செய்ய 7 பேர் போதும், நீங்கள் எட்டுப் பேர் இருக்கிறீர்கள். ஆனால் முதல் ஒரு வருஷம் பதிவு, முத்திரை, தலைவர், பொருளாளர் எதுவும் வேண்டாம், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை போதும்.

தாடி ஐரிஸை விட்டுவிட்டு, வெயில் தாங்குகிறதில் தொடங்குங்கள். லூசியானா ஐரிஸ் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சதுப்பு நிலத்தில் பிறந்தது, நனைந்த மண்ணும் புழுக்கமும் அதற்குப் பழக்கம்; அதற்கு மட்டுமே 1941-லிருந்து தனிச் சங்கம் இருக்கிறது. இன்னொன்று, ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளி வைத்த சிறுத்தைப் பூ. ரொம்ப நாள் அதை வேறு இனமாகத்தான் வைத்திருந்தார்கள், 2005-ல் ஐரிஸில் சேர்த்துவிட்டார்கள். ஒரு நாள் பூதான், ஆனால் வாடும்போது பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொள்கிற அழகு தனி. அப்புறம் காய் வெடித்து, கருகமணி கோத்த மாதிரி விதைக்கொத்து நிற்கும்.

ஒரே செடியின் விதையை எட்டுப் பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் செம்மண்ணில், ஒருவர் கரிசலில், ஒருவர் மாடித் தொட்டியில் போடட்டும். குன்னூரில் சொந்தக்காரர் இருந்தால் அவருக்கும் கொஞ்சம் அனுப்புங்கள். என்றைக்குப் போட்டது, எத்தனை நாளுக்கொரு தண்ணீர், முதல் மொட்டு எப்போது என்று ஆளுக்கொரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை உட்கார்ந்து ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுங்கள். செத்துப்போன செடியையும் எழுத வேண்டும், முக்கியமாக அதை. வெளிநாட்டுப் புத்தகம் பேரூர் மண்ணைப் பற்றிச் சொல்லாது, பக்கத்துத் தெருக்காரர் நோட்டுதான் சொல்லும்.

விதை சேர்ந்ததும் எழுதுங்கள், எனக்கும் ஒரு கை விதை வேண்டும்.