பம்பாயில் பிறந்த பயிற்சியாளர்

கேள்வி: ஒரே கல்லூரி அணியுடன் ஆயுள் முழுவதையும் கழித்த கால்பந்துப் பயிற்சியாளர் யாராவது உண்டா?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: அமெரிக்காவின் அன்சன் டோரன்ஸ். பிறந்தது நம் பம்பாயில், 1951-இல்! வட கரோலினா பல்கலைக்கழகம் 1979-இல் பெண்கள் அணியைத் தொடங்கியபோது பொறுப்பேற்றவர், 2024 ஆகஸ்டில்தான் விலகினார். இடையில் 21 என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) பட்டங்கள். 1991-இல் முதல் பெண்கள் உலகக் கோப்பையை அமெரிக்கா வென்றபோதும் பயிற்சியாளர் இவரே.

பயிற்சியில் யார் யாரை வென்றார் என்று ஒன்றுவிடாமல் குறித்து, தரவரிசையாக ஒட்டிவிடுவார். பள்ளிச் சுவரில் மதிப்பெண் பட்டியலைக் கண்டாலே வயிறு கலங்கியவன் நான். இதை முழுமனதோடு மெச்ச முடியவில்லை.

ஆனால் அவர் அணியில் ஆடிய மியா ஹாம் விஷயம் பிடிக்கும். ஒருநாள் காலை காரில் போன டோரன்ஸ், ஆளில்லாத மைதானத்தில் அந்தப் பெண் தனியே ஓடி ஓடி, வியர்வை சொட்டச் சொட்டக் குனிந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தார். பிறகு, கண்டதைச் சின்னக் குறிப்பாக எழுதி அவரிடம் சேர்ப்பித்தார். அந்த மியாதான் பின்னாளில் உலகமே அறிந்த வீராங்கனை ஆனார்.

இவர் விலகிய அதே ஆண்டு டிசம்பரில் அணி 22-ஆவது பட்டத்தையும் வாங்கிவிட்டது!