பெர்ரி விவசாயிகளுக்குச் சங்கம் இருந்து என்ன பயன்?

சந்தா வாங்குவதைத் தவிர இந்தச் சங்கங்கள் என்னதான் செய்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கிரான்பெர்ரி விவசாயிகளைப் பார்த்தால் புரியும்.

அங்கே கேப் காட் கிரான்பெர்ரி வளர்ப்போர் சங்கம் 1888 முதல் இருக்கிறது. அதன் வேலைகளில் எனக்குப் பிடித்தது உறைபனி எச்சரிக்கை. வசந்த காலத்தில் மொட்டு விடும் நேரத்தில் ஒரே ஓர் இரவுக் குளிர் மொத்த விளைச்சலையும் கருக்கிவிடும். மொட்டு எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பது அதன் பருவத்தைப் பொறுத்து மாறும். அந்தக் கணக்கைப் பல்கலைக்கழக ஆய்வு நிலையம் சொல்கிறது. சங்கம் அதை உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கிறது. சேதி வந்ததும் நள்ளிரவானாலும் எழுந்து தெளிப்பானைத் திறந்துவிட வேண்டியதுதான். குளிருக்குத் தண்ணீரா என்று தோன்றும். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். தெளித்துக்கொண்டே இருந்தால் பனிக்கூட்டுக்குள் மொட்டு பிழைத்துக்கொள்ளும். தனி ஆளாக இந்த முன்னறிவிப்பை யார் காசு கொடுத்து வாங்க முடியும்?

விற்பனைக்கு வேறு வழி: கூட்டுறவு. 1930-இல் மூன்று விவசாயிகள் சேர்ந்து தொடங்கியது ஓஷன் ஸ்ப்ரே. நம் ஆவின் மாதிரி, உரிமை விவசாயிகளிடம். கிரான்பெர்ரியை அப்படியே வாயில் போட்டால் முகம் கோணும், அவ்வளவு புளிப்பு. அதனால் சாறு, சாஸ் என்று மாற்றினால்தான் காசு. சாறு எடுத்த பிறகு மிஞ்சும் தோலைக்கூட இனிப்பேற்றி, உலர்த்தி விற்கிறார்கள். அதற்கான ஆலையைத் தனி விவசாயி கட்ட முடியாது, சரிதானே?