அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்

அன்புள்ள சார்,

என் மகனுக்கு ஒன்பது வயது. செஸ்ஸில் தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். மாவட்டப் போட்டியில் அவன் பிஷப்பைத் தொட்டுவிட்டு வேறு காயை நகர்த்தியதாக எதிரில் ஆடிய சிறுமி கை தூக்கினாள். இவன் தொடவில்லை என்றான். பார்த்தவர் யாரும் இல்லாததால் ஆர்பிட்டர் (நடுவர்) ஆட்டத்தைத் தொடரச் சொல்லிவிட்டார். இவன் ஜெயித்தான். வெளியே அவளுடைய அப்பா வந்து கேட்டபோது, "உங்க பொண்ணு தோத்துட்டு பொய் சொல்றா" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவளும் அங்கேதான் நின்றிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவன், "நான் தொட்டேன்மா" என்றான். ரிசல்ட்டை மாற்றச் சொல்லலாமா? கோச்சை மாற்றலாமா? பேசாமல் செஸ்ஸையே நிறுத்திவிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரி,

நகர்வுகளை எழுதுகிற ஸ்கோர் ஷீட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டபின் அதுதான் முடிவு, ஆர்பிட்டர் வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய. உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் விதி அப்படி. நடந்ததை அவருக்கு எழுதி அனுப்புங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். கோச் என்ன செய்தார் பாவம், அவரை விடுங்கள். செஸ்ஸை நிறுத்துகிற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். உண்மையைச் சொன்ன பிள்ளையிடமிருந்து பலகையைப் பிடுங்கினால் அடுத்த முறை அவன் பஸ்ஸில் வாயே திறக்க மாட்டான்.

உங்கள் பையனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒன்பது வயதில், யாரும் கேட்காமல், தானே சொல்லியிருக்கிறான். நீங்கள்தான் இன்னும் சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், அதில் ஒன்றில்கூட அந்தச் சிறுமி இல்லை, கவனித்தீர்களா?

1994இல் ஸ்பெயினில் நடந்த லினாரெஸ் போட்டியில் உலக சாம்பியன் காஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டு, அதற்குப்பின் மாற்றக் கூடாது என்றிருந்தும், மறுபடி தூக்கி வேறு கட்டத்தில் வைத்தார். விடியோவில் அது பதிவாகியிருந்தது. எதிரே இருந்தவர் பதினேழு வயது ஜூடித் போல்கார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரி, அவரே அப்போது முறையிடவில்லை. உங்கள் பையனுக்கு எதிரே இருந்த குழந்தை கை தூக்கினாள். சாட்சி இல்லை என்று ஆனபின் அழாமல் ஆட்டத்தை ஆடி முடித்திருக்கிறாள். நீங்கள் ஹாலுக்குள் இல்லை, எதையும் பார்க்கவில்லை, ஆனாலும் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டீர்கள். எப்படி வாய் வந்தது உங்களுக்கு?

எப்படி வந்தது என்று தெரியாமல் இல்லை. சமீபத்தில் தங்கை மகளோடு இப்படி ஒரு போட்டிக்குப் போயிருந்தேன், அதிலிருந்து இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளி வராந்தா முழுக்கப் பெற்றோர்கள், பிள்ளை வாசலைத் தாண்டுவதற்குள் "வின்னா?" என்று கேட்கிறார்கள். ஒரு பையன் வெளியே வந்தான், அப்பா எதிரிலேயே நிற்கிறார், அவன் நேராக அவரிடம் வராமல் தண்ணீர்க் குழாய்க்குப் போய் வாயைக் கொப்பளித்து, முகத்தைக் கழுவி, ஒழுங்காக இருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான். தோற்றுவிட்டான் என்று எனக்கே புரிந்துவிட்டது. அப்பாவின் முகத்துக்கு இவ்வளவு பயப்படுகிற பிள்ளை, தொட்ட காயைத் தொடவில்லை என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

சின்ன வயதில் எங்கள் வீட்டில் கேரம் ஸ்ட்ரைக்கர் காணாமல் போனது. பக்கத்து வீட்டுப் பையன்தான் எடுத்திருப்பான் என்று அப்பா அவனை விரட்டிவிட்டார். சாயங்காலம் அது பீரோவுக்கு அடியில் கிடைத்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். அவனுடைய அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார், இவர் உட்காரவில்லை. பையனைக் கூப்பிட்டு, "தம்பி, நான் தப்பா சொல்லிட்டேன்டா, நீ எடுக்கல" என்றார். "சின்னப் பையன்கிட்ட போயி... விடுங்க சார்" என்று அந்த மனிதர் நெளிந்தார். "அவனைத்தானே சொன்னேன்" என்றார் அப்பா.

நமக்கு அது வராது. பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவோம், குழந்தையிடம் என்றால் நா எழாது. ஒரு சாக்லேட்டை நீட்டுவோம், தலையைத் தடவுவோம், முடிந்தது கதை. 2025 ஜூனில் நார்வேயில் பத்தொன்பது வயது குகேஷிடம் தோற்ற முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் மேசையை ஓங்கிக் குத்தினார், காய்கள் சரிந்தன. அந்த விடியோ எல்லார் போனிலும் வந்தது. உடனே அங்கேயே அவர் குகேஷிடம் மன்னிப்புக் கேட்டதை நம் பிள்ளைகளிடம் யார் எடுத்துச் சொன்னோம்?

அதனால் அந்தப் பெண்ணிடமே சொல்லுங்கள். அவளுடைய அப்பாவுக்கு வாட்ஸ்அப் அனுப்பினால் அது கணக்கில் வராது. எல்லார் முன்னாலும் கத்தினீர்கள் அல்லவா, எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும், அவளுடைய பெயரைச் சொல்லி. பெயர் தெரியாவிட்டால், யாரோடு யார் ஆடினார்கள் என்று போடுகிற பேரிங் ஷீட்டில் இருக்கும், பாருங்கள். "நீ சொன்னதுதான் சரி, நான் உன்னைப் பொய் சொல்கிறாய் என்றேன், அது தப்பு." இவ்வளவுதான். டென்ஷன், தூக்கமில்லை, ஒரே பையன் என்றெல்லாம் விளக்கம் வேண்டாம், அதைக் கேட்பது அவள் வேலை இல்லை. பையன் சொல்ல வேண்டியதை அவன் தனியாகச் சொல்லட்டும், அவன் முதுகில் கை வைத்துத் தள்ளாதீர்கள்.

ஒரே மாவட்டம், அடுத்த போட்டிக்கும் அவள் வருவாள். முதல் ரவுண்டுக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், ஆடப் போகிற குழந்தையைக் கலைக்கக் கூடாது. கடைசி ரவுண்டு முடிந்து அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது போங்கள்.