கதிரியக்கம் இருந்ததா என்பதல்ல கேள்வி

வாசகர் கடிதம் (2012 ஜனவரி, சுருக்கம்):

"நான் வன்னியில் மாடு கட்டி வளர்த்த குடும்பத்துப் பிள்ளை. இருபது வருடம் லண்டனில் கடை நடத்திவிட்டு, 2008இல் வட வேல்ஸில், ஸ்னோடோனியா மலைப்பக்கம் ஒரு செம்மறிப் பண்ணை வாங்கினேன். விற்றவர், அந்த மலை, செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு ஆடுகளை நகர்த்தவும் விற்கவும் போட்ட கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லவில்லை. 2009இலிருந்து மூன்று கடிதம் போட்டேன். இப்போது 7,500 பவுண் தருகிறேன் என்கிறார். என் நட்டம் 60,000. பக்கத்து அணு உலையின் கசிவை மறைக்கத்தான் ரஷ்யாவைச் சாட்டுகிறார்கள் என்று ஊரே சொல்கிறது. ஒரு ஆட்டுக்கு 1 பவுண் 30 பென்ஸ் கொடுத்து எங்களைப் பிச்சைக்காரராக்கிவிட்டார்கள். போன தீபாவளிக்கு 36 ஆடுகளை லண்டனில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் மச்சானுக்கு அனுப்பினேன். அவை ஐந்து கிழமை கீழ் வயலில் நின்ற ஆடுகள், கதிரியக்கம் அளவெடுக்க வேண்டியதில்லை. அப்படியே இருந்தாலும் தெரிந்துதான் செய்தேன், 25 வருடத்துக்குப் பிறகும் என்ன சட்டம்? இப்போது எச்சரிக்கையின் கீழ் விசாரணைக்கு, அதாவது சொல்வது சாட்சியாகலாம் என்று எச்சரித்துவிட்டுக் கேட்கும் விசாரணைக்கு, வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. ஆறு பக்கத்தில் பதில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? அரசாங்கத்தின் மேலும் விற்றவரின் மேலும் எப்படி வழக்குப் போடுவது?"

பதில் (2012 ஜனவரியில் எழுதியது; சட்டமும் தொகைகளும் அன்றையவை. வேல்ஸின் தடை 2012 ஜூனில் நீங்கியது):

அனுப்பாதீர்கள். மற்றதை வாசிக்க முன்னர் இதைச் செய்யுங்கள்: அந்த ஆறு பக்கத்தையும் ஒரு உறையில் போட்டு, நீங்கள் அமர்த்தப்போகும் சட்டத்தரணியிடம் கொடுங்கள். வேறு யாருக்கும் காட்ட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி நியாயமான கோபம். செர்னோபில் கதிரியக்கத்தைச் சுமந்து 1986 மே மாதத் தொடக்கத்தில் அந்த மலைகளில் கொட்டிய மழைக்கு நீங்களும் பொறுப்பல்ல, உங்கள் ஆடுகளும் பொறுப்பல்ல. மூன்று கிழமைதான் என்று சொல்லி அந்த ஜூனில் போட்ட தடை, ஸ்கொட்லாந்தில் 2010 வரை இருந்தது. வட வேல்ஸில் முந்நூறுக்கு மேற்பட்ட பண்ணைகளில் இந்த 2012 ஜனவரியிலும் இருக்கிறது. அந்த மழையில் வந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருளைக் களிமண் கட்டிப் பிடித்து வைக்கும். மலையின் புளித்த கரிமண் அப்படிப் பிடிப்பதில்லை. வருடாவருடம் புல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அன்றைக்கு ஆலோசனை சொன்னவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அதன் விலையைக் கட்டியவர்கள் உங்களைப் போன்ற மலை விவசாயிகள். இது எனக்கும் வலிக்கிறது. ஆனால் இதில் ஒன்றும் உங்கள் வழக்கில்லை.

அரசாங்கத்தின் மேல் வழக்கு என்ற பேச்சை இங்கேயே விடுங்கள். 1985ஆம் ஆண்டின் உணவு, சுற்றாடல் பாதுகாப்புச் சட்டம் அவசரத் தடை போட அதிகாரம் கொடுக்கிறது. தடையால் நட்டப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை கொடுக்கவில்லை. அந்த 1 பவுண் 30 பென்ஸ், ஆட்டை அளவெடுக்கக் கொண்டுவந்து நிறுத்தும் சிரமத்துக்கான கொடுப்பனவு. அது போதாது என்று நீதிமன்றத்தில் நிற்க முடியாது. சோவியத் ஒன்றியம் எந்த நாட்டுக்கும் ஒரு சதம் கொடுக்கவில்லை. அணு உலைச் சந்தேகத்தையும் விடுங்கள்; சீசியம் எங்கிருந்து வந்தது என்று, தடையைப் போட்ட கட்டளை கேட்பதில்லை.

கட்டளை கேட்பது ஒன்றைத்தான். அந்த 36 ஆடுகள் கட்டுப்பாட்டுப் பகுதியின் வரைபடத்துக் கோட்டைத் தாண்டியபோது, தாண்டலாம் என்ற எழுத்து அனுமதி உங்கள் கையில் இருந்ததா? இல்லை. நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன விஷயம்தான் முழு வழக்கும்.

கீழ் வயலில் ஐந்து கிழமை நின்றன என்கிறீர்கள். விஞ்ஞானப்படி அது நல்ல வாதம். மலையிலிருந்து இறங்கி நல்ல புல் மேய்ந்தால் ஆட்டின் உடம்பிலுள்ள சீசியம் சில கிழமையிலேயே பாதியாகிவிடும். எல்லை கிலோவுக்கு 1,000 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு); உயிருள்ள ஆட்டின் மேல் வைக்கும் கருவி தவறலாம் என்பதால் களத்தில் 645க்கே நிறுத்துகிறார்கள். உங்கள் ஆடுகள் அதற்கும் கீழே இருந்திருக்கக்கூடும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் குற்றம், ஆட்டில் சீசியம் இருந்தது என்பதல்ல. அளவெடுக்காமல் நகர்த்தியது. இறைச்சி விற்றுத் தின்று முடிந்துவிட்டது. இனி அளவெடுக்கவும் வழியில்லை. அத்தோடு அந்தக் கீழ் வயல் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று நீங்கள் எழுதவில்லை. உள்ளே என்றால் தீபாவளிக்கு அனுப்பியது குற்றம். வெளியே என்றால், மலையிலிருந்து அங்கே அனுமதியின்றி இறக்கிய நாளே குற்றம் தொடங்கிவிட்டது. 1991ஆம் ஆண்டுக் கட்டளையோடு வரைபடம் இருக்கிறது. உங்கள் பண்ணைப் படத்தை அதன் மேல் வைத்துப் பார்க்காமல் எந்தச் சட்டத்தரணியும் உங்களுக்காக வாயைத் திறக்கக் கூடாது.

இந்தக் குற்றத்துக்கு எண்ணம் நிரூபிக்கத் தேவையில்லை. நியாயமான முன்னெச்சரிக்கை அத்தனையும் எடுத்தேன், உரிய கவனம் முழுவதும் செலுத்தினேன் என்று நீங்கள் காட்டினால் மட்டும் தப்பலாம். தொலைபேசியை எடுத்து அளவெடுக்க ஆள் கேட்காத ஒருவருக்கு அந்த வழி இல்லை. மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 பவுண் வரை தண்டம். மேல் நீதிமன்றத்துக்குப் போனால் இரண்டு வருடம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. 36 ஆட்டுக்குச் சிறை என்று நான் பயமுறுத்தவில்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு.

"தெரிந்துதான் செய்தேன்."

இந்த இரண்டு சொல்லைத்தான் நான் வருடக்கணக்காகக் கட்சிக்காரர் வாயிலிருந்து பிடுங்கி எறிந்துகொண்டிருக்கிறேன். பல வருடத்துக்கு முன் கோழி இறைச்சிக்கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். குளிரூட்டிப் பதிவேடு எழுதாத சின்ன விஷயம். விசாரணைக்கு முன் அவரே உட்கார்ந்து ஒன்பது பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். தன்னை அவமதித்த அதிகாரி, பக்கத்துக் கடைக்காரனின் பொறாமை, எல்லாம் அதில் இருந்தது. நடுவில் ஒரு வரி: "இந்தப் பதிவேடு அர்த்தமற்றது என்பதால் நான் எழுதுவதில்லை." நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது அந்த ஒரு வரி மட்டும். மறந்துபோன மனிதராக உள்ளே போயிருக்க வேண்டியவர், சட்டத்தை மதிக்காத மனிதராக வெளியே வந்தார். தண்டம் கட்டி முடித்த பிறகும் அந்த வரி அவரை விடவில்லை.

உங்கள் விஷயத்தில் அந்த வரி இன்னும் கூடுதலாகச் சுடும். பண்ணைக்கு வருடாவருடம் வரும் மானியத்தை யோசியுங்கள். மலைப் பண்ணை ஒன்று உயிரோடு இருப்பதே அதனால்தான். உணவுச் சட்டத்தையோ செம்மறி அடையாள விதிகளையோ மீறினால் அதில் வெட்டு விழும். கவனக்குறைவு என்றால் வழமையாக 3 வீதம். வேண்டுமென்றே செய்தது என்றால் வழமையாக 20 வீதம், அதற்கு மேலும் போகலாம். அதைத் தீர்மானிக்கும் அதிகாரியின் முன்னால் இருக்கப்போகும் முதல் கடதாசி உங்கள் ஆறு பக்கம். கீழ் வயலில் நின்றால் ஆடு விடுபட்டுவிடும் என்று உண்மையாகவே நம்பினீர்களா? அப்படியானால் அது தவறான நம்பிக்கை, ஆனால் கவனக்குறைவு. நம்பியது அதுதான் என்றால், கோபத்தில் எழுதிய மற்ற வரி உண்மையே அல்ல. உண்மையல்லாத ஒன்றை உங்களுக்கு எதிராக நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள். தெரிந்தே செய்தது என்றால் பொய் சொல்லச் சொல்லி நான் எழுத மாட்டேன். அதை விசாரணை அறையில் அல்ல, முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

இப்போது விற்றவருக்கு நீங்கள் போட்ட மூன்று கடிதம். அவற்றைப் பெரிய ஆயுதம் என்று நினைக்கிறீர்கள். திருப்பிப் பாருங்கள். "இந்த மலை கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது, என்னிடம் மறைத்துவிட்டீர்கள்" என்று 2009இல் எழுதியவர், 2011 தீபாவளியில் கட்டுப்பாடு தெரியாது என்று எந்த வாயால் சொல்வார்? தடை இருப்பது தெரியும், அது கீழ் வயலுக்கு எப்படிப் பொருந்தும் என்பதுதான் பிழைத்தது என்ற ஒடுங்கிய பாதை மட்டுமே உங்களுக்கு மிஞ்சியிருக்கிறது. அவர் மேல் இப்போது 60,000 பவுணுக்கு வழக்குப் போட்டால், கட்டுப்பாட்டைப் பற்றி எப்போது அறிந்தேன், அதனால் என்னென்ன செய்ய முடியாது போனது என்று பந்தி பந்தியாக எழுதி, உண்மை என்று கையொப்பமும் வைக்க வேண்டும். குற்ற வழக்குக்கு அதைவிட நல்ல சாட்சி அவர்களுக்குக் கிடைக்காது.

அந்தச் சிவில் வழக்கும் பலமானதல்ல. கட்டளை பகிரங்கமானது, வரைபடத்தோடு வெளியிடப்பட்டது. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். விற்பவர் வாய் திறக்காமல் இருந்தது இந்த நாட்டுச் சட்டத்தில் பொதுவாகக் குற்றமல்ல. கேட்ட கேள்விக்குப் பொய்ப் பதில் சொன்னால்தான் பிடிக்கலாம். வாங்க முன் உங்கள் சட்டத்தரணி அனுப்பிய கேள்விப் படிவத்தில் அந்தக் கேள்வி இருந்ததா, பதில் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. பொய்ப் பதில் கையில் இருந்திருந்தால் முதல் பந்தியிலேயே எழுதியிருப்பீர்கள் என்று எனக்குப் படுகிறது.

7,500 பவுணை வாங்குங்கள். மானத்துக்குக் குறைவு என்று நினைக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம், 10,000 கிடைத்தால் நல்லது. அதற்காக ஒரு வருடத்தைத் தொலைக்காதீர்கள். ஒப்பந்தத்துக்கு ஆறு வருடக் காலவரையறை. 2014 வரை நேரம் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். நேரம் இருக்கிறது, உண்மை. ஆனால் குற்ற விசாரணை முடியும்வரை நீங்கள் அந்த வழக்கைத் தொடங்குவது ஆபத்து. முடிந்த பிறகு அவர் இந்தத் தொகையைத் தருவார் என்பதற்கும் உத்தரவாதமில்லை. ஒன்று மட்டும்: மூன்று கடிதத்தின் பிரதிகளையும் கிழிக்கக் கூடாது. சமரசத்தில் "கடிதங்களை அழித்துவிட வேண்டும்" என்று ஒரு வரி போடவும் கூடாது. அப்படிச் செய்தால் ஆட்டு வழக்கு நீதிக்குக் குறுக்கே நின்ற வழக்காகிவிடும். அதற்கு உண்மையாகவே சிறை போவார்கள்.

அதே காரணத்துக்காக இன்னொரு கடதாசியையும் தொடாதீர்கள். ஆடுகள் அறுப்பகத்துக்குப் போனபோது நகர்வுப் படிவம் எழுதியிருப்பீர்கள். அதில் உணவுச் சங்கிலித் தகவல் என்று ஒரு பகுதி உண்டு. நோய்க்காகவோ பொதுச் சுகாதாரத்துக்காகவோ இந்தப் பண்ணையில் நகர்வுத் தடை எதுவும் இல்லை என்ற அச்சிட்ட வரிக்குக் கீழேதான் கையொப்பம். பெரும்பாலானவர்கள் வாசிக்காமல் வைக்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். விசாரணையில் மேசையில் வைக்கப்படும் முதல் தாள் இதுவாக இருக்கலாம். உங்கள் பிரதியில் இப்போது ஒன்றும் சேர்க்காதீர்கள், திகதி மாற்றாதீர்கள். அறுப்பகத்திலும் ஒரு பிரதி இருக்கிறது.

மச்சானைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அவரை நினைத்துத்தான் அதிகக் கவலை. தடை வேல்ஸோடு முடிவதில்லை. கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து அளவெடுக்காமல் வந்த செம்மறியை இந்த நாட்டில் எங்கே அறுத்தாலும், அதன் இறைச்சியை எங்கே விற்றாலும் குற்றம். அவர் உங்களை நம்பி வாங்கினார் என்றால் அவருக்குக் கவனம் செலுத்தினேன் என்ற எதிர்வாதம் இருக்கலாம். அது உங்களைச் சுட்டிக்காட்டித்தான் நிற்கும். ஆகவே இரண்டு பேருக்கும் ஒரே சட்டத்தரணி சரிவராது. தொலைபேசியில் "நீ இப்படிச் சொல்லு, நான் அப்படிச் சொல்கிறேன்" என்று பேசி வைக்கவும் கூடாது. குறுஞ்செய்தி அனுப்பவே கூடாது. குடும்பங்கள் இப்படித்தான் உடைகின்றன. தண்டத்தால் உடைந்த குடும்பத்தை நான் கண்டதில்லை. ஒருவரைக் காப்பாற்ற மற்றவர் சொன்ன கதையால் உடைந்ததைக் கண்டிருக்கிறேன்.

விசாரணைக்குச் சட்டத்தரணியோடு போங்கள். என் கணிப்பு: வரைபடம் உங்களுக்கு எதிராக இருந்தால், முன்கூட்டியே எழுதிய ஒரு சின்ன அறிக்கையில் நடந்ததை ஒப்புக்கொள்ளுங்கள். கீழ் வயல் பற்றி நம்பியது உண்மையானால் அதையும், 2009இலிருந்து மற்ற எல்லா ஆடுகளையும் ஒழுங்காக அளவெடுக்க நிறுத்தியிருந்தால் அந்தப் பதிவுகளையும் வையுங்கள். செர்னோபில், அணு உலை, 1 பவுண் 30 பென்ஸ், அதிகாரியின் முகம், ஒன்றும் வேண்டாம். அப்படிப் போனால் நீதிமன்றம் போகாமலே எழுத்து எச்சரிக்கையோடு முடிய இடமிருக்கிறது. கொடுத்தால் வாங்குங்கள். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தால் மட்டும் அதை ஏற்க முன் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

தடையை முழுவதுமாக நீக்கலாமா என்று இப்போது கருத்துக் கேட்கிறார்கள், அதனால் இழுத்தடித்தால் வழக்குச் செத்துவிடும் என்று உங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சொல்லக்கூடும். சாகாது. கட்டளை நாளை நீங்கினாலும், அது இருந்தபோது செய்த குற்றம் அப்படியே நிற்கும். 1978ஆம் ஆண்டின் பொருள்கோடல் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதுவரை தடை தடைதான். மலையில் இன்னும் நிற்கும் மறிகளையும் குட்டிகளையும் பங்குனிக்கு இறக்கும் எண்ணம் இருந்தால், அளவெடுக்கும் நாளை இந்தக் கிழமையே கேட்டு, அவர்கள் தரும் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.