சாவியை விட்டதும் என்ஜின் அணைகிறதா? சிவப்பு ஒயரைப் பாருங்கள்

பழைய காரில் பாயிண்ட்டை (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடர்பு) எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல் போட்டபின், ஸ்டார்ட்டர் சுற்றும்போது என்ஜின் பற்றிக்கொண்டு, சாவியை விட்டதும் அணைகிறதா? மாட்யூலின் சிவப்பு ஒயரைக் காயிலின் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தருவது) பிளஸ் முனையிலிருந்து கழற்றி, பேலஸ்ட் ரெசிஸ்டருக்கு (காயிலுக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைப்பது) முன்னால், சாவி சுவிட்சிலிருந்து வரும் பக்கத்தில் கொடுங்கள். காயிலுக்குப் போகும் ஒயரைத் தொட வேண்டாம், அது ரெசிஸ்டர் வழியாகவே இருக்கட்டும்.

அணைவதற்குக் காரணம் இதுதான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் பேட்டரி மின்சாரம் ரெசிஸ்டரைத் தாண்டி நேராகக் காயிலுக்கு வரும். சாவியை விட்டால் ரெசிஸ்டர் வழியாகத்தான் வரும், வோல்ட்டேஜ் இறங்கிவிடும். பாயிண்ட்டுக்கு அது போதும், மாட்யூலுக்குப் போதாது.

சில கார்களில் வெள்ளைப் பீங்கான் கட்டையாக ரெசிஸ்டர் கண்ணில் படாது. ஒயர் கட்டுக்குள்ளேயே ரெசிஸ்டன்ஸ் ஒயராக ஓடும். இதைத் தேடிப் பலர் அலைந்துவிடுகிறார்கள்.

சோதிக்க: கழற்றிய சிவப்பு ஒயருக்கு பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒயர் ஒன்றைக் கொடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தொடர்ந்து ஓடினால் காரணம் இதேதான். அப்போதும் அணைந்தால் சாவி சுவிட்சின் உள்தொடர்பு தேய்ந்திருக்கலாம்.

இதெல்லாம் நெகட்டிவ் எர்த் காருக்கு (பேட்டரியின் மைனஸ் முனை பாடியோடு இணைந்தது) மட்டும். அப்புறம், என்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டுவைக்காதீர்கள், மாட்யூல் சூடேறிப் போய்விடும்.