மலிவு விமானச் சீட்டு: திருகோணமலையிலிருந்து கணக்குப் பார்த்தால்

கேள்வி: மகளின் திருமணத்துக்குச் சேலை எடுப்பதற்காக நானும் மனைவியும் எழுபது வயதைத் தாண்டிய என் தாயாரும் சென்னைக்குச் செல்லவுள்ளோம். மலிவுக் கட்டண விமானத்தின் சீட்டு, வழமையான விமானத்தை விடக் கணிசமாகக் குறைவாக இருக்கிறது. விலை குறைந்தால் பாதுகாப்பும் குறையுமா? எதைத் தெரிவு செய்யலாம்?
– வாசகர், உப்புவெளி

பதில்: பாதுகாப்பைப் பற்றிய ஐயத்தை முதலில் விட்டுவிடுங்கள். மலிவுக் கட்டண நிறுவனமான இண்டிகோவும் வழமையான நிறுவனமான ஸ்ரீலங்கன் விமான சேவையும் ஒரே ஏர்பஸ் ஏ320 வகை விமானங்களைப் பயன்படுத்துகின்றன. பராமரிப்புக்கும் விமானிகளுக்குமான விதிகள் சீட்டின் விலையைப் பொறுத்து மாறுவதில்லை. ஆசனங்களை நெருக்கமாக அமைத்தும், விமானத்தைத் தரையில் அதிக நேரம் நிறுத்தாமல் அடுத்த பயணத்துக்கு அனுப்பியும், உணவுக்கும் பல வேளைகளில் பொதிக்கும் தனியாகக் கட்டணம் பெற்றுமே மலிவு நிறுவனங்கள் விலையைக் குறைக்கின்றன.

உங்கள் பயணத்தில் கணக்கை மாற்றப் போவது பொதிதான். போகும்போது கைப்பொதியே போதுமாக இருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் 7 கிலோ வரையே அனுமதி உண்டு. கல்யாணச் சேலைகளுடன் திரும்பும்போது அந்த 7 கிலோ எந்த மூலைக்கும் காணாது. மேலதிக நிறையை இணையத்தில் முன்கூட்டியே வாங்குவதற்கும் விமான நிலையத்தில் தராசில் வைத்த பிறகு வாங்குவதற்கும் இடையில் பெரிய விலை வித்தியாசம் இருப்பதால், திரும்பும் பயணத்துக்கான பொதியைச் சீட்டுடனேயே சேர்த்து வாங்கி, அந்த மொத்தத் தொகையையே வழமையான விமானத்தின் கட்டணத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, நம் ஊரிலிருந்து விமான நிலையம் வரையான தூரம். கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஹபரணை, குருநாகல் வழியாக 250 கிலோமீற்றர் அளவில் செல்ல வேண்டும். அதிகாலை விமானமென்றால் முதல்நாள் மாலையே வான் பிடித்துப் புறப்பட நேரும். மலிவு நிறுவனங்கள் புறப்படும் நேரத்தை மாற்றுவது அரிதன்று. கொழும்பில் இருப்பவருக்கு அது ஒரு தொந்தரவு மட்டுமே. நமக்கோ வான் வாடகையும் தங்குமிடச் செலவும் ஆகிவிடும். நேரமாற்ற அறிவித்தல்கள் சீட்டில் பதிவான தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்குமே வருவதால், முகவர் மூலம் பதிவு செய்தால் அவருடைய இலக்கத்துக்குப் பதிலாக உங்களுடையதைப் பதியச் சொல்லுங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை.

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தையும் யோசித்துப் பாருங்கள். அங்கிருந்து 2024 செப்டெம்பர் முதல் இண்டிகோ சென்னைக்குப் பறக்கிறது. வவுனியா வழியான தூரமும் கட்டுநாயக்கவுக்கான தூரத்தைப் போன்றதே. அது சிறிய ஏடிஆர் விமானம் என்பதால் தாயார் படியேறியே உள்ளே செல்ல வேண்டியிருக்கும். எந்த வழியாகச் சென்றாலும் அவருக்கான சக்கர நாற்காலியைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு நெருக்கமான ஆசனம் ஒரு பொருட்டல்ல. திகதி உறுதியாக இருந்து, பொதியைச் சேர்த்த பிறகும் விலை குறைவாக இருந்தால், மலிவு விமானத்தையே எடுக்கலாம் என்பது என் எண்ணம். திகதி மாறக்கூடுமென்றால் வேண்டாம். மாற்றத்துக்கான கட்டணம் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

பொதி சேதமடைந்தால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்தால் 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கை. இலங்கையும் இந்தியாவும் அதில் இணைந்துள்ளன. மலிவு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டவையே.

கேள்வி: மெல்பேர்னில் இருக்கும் மகனிடம் செல்ல, கோலாலம்பூர் வரை ஒரு சீட்டும் அங்கிருந்து இன்னொரு சீட்டுமாக எடுத்தால் மிகவும் மலிவு என்று முகவர் சொல்கிறார். எடுக்கலாமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: தனித்தனிச் சீட்டுகளென்றால் முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிடும்போது எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது, புதிய சீட்டை உங்கள் பணத்தில்தான் வாங்க வேண்டும். பொதியைக் கோலாலம்பூரில் எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதோடு, அதற்காக மலேசியாவுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம். இரு பயணங்களும் ஒரே பதிவு இலக்கத்தில் வருமா, பொதி மெல்பேர்ன் வரை நேராகச் செல்லுமா என்று முகவரிடம் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்ற பதிலை எழுத்தில் தந்தால் மட்டும் பணத்தைக் கட்டுங்கள்.